காரவிக் ஊரின் ஐந்து போன்கள்

மனிதன் மூச்சு விடுகிற ஊர் எதுவாக இருந்தாலும் அங்கே ஒரே ஒரு போன் இருந்தால் போதும், அந்த ஊர்க்காரனை அஸீம் பேசவைத்துவிடுவான். இது அவனுடைய டெலிபோன் கடைப் பலகையில் எழுதியிருந்த வாசகம் அல்ல. அஸீமே தன் வாயால், முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் சொன்னது. சொல்லும்போது பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து நின்றிருந்தான். கேட்டுக்கொண்டிருந்தவர் கார்மேகம். புஜைரா துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டி கழுவும் வேலை அவருக்கு. நைட் டூட்டி முடிந்து, கடை எப்போது திறக்கும் என்று படியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்குக் கடை இல்லைன்னாங்களே பாய்."

"கடை இல்லதான். ஒரே ஒரு போன் போடணும். மச்சான் மவுத்தாயிட்டாங்க."

கார்மேகம் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "வெள்ளக்கார மச்சானா?"

"எனக்கு இருக்கிறது ஒரே மச்சான்தாண்ணே."

"எப்ப?"

"விடியக்காலைல, சுபுஹுக்கு. ஆஸ்பத்திரிலேயே. சாயந்தரம் அஸர் தொழுதிட்டு எடுக்கிறாங்க. அதுக்குள்ள அவங்க ஊருக்குச் செய்தி சொல்லியாகணும். ராத்தாகிட்ட வாக்குக் குடுத்திட்டு வந்திருக்கேன்."

"சொல்லிருவீகளா?"

அந்தக் கேள்விக்குத்தான் அஸீம் மேற்படி அறிவிப்பைச் செய்தான். செய்துவிட்டு ஷட்டரை முழுதாகத் தூக்கினான்.

மச்சானின் பெயர் ஆங்கஸ். கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்த பிறகு ஹாரூன். கீழக்கரையில் இருந்த சொந்தபந்தம் இரண்டையும் விட்டுவிட்டு 'வெள்ளை மச்சான்' என்றே சொல்லிவந்தது. நங்கூரம் போட்டு நிற்கும் பெரிய கப்பல்களை இழுத்துவரும் இழுவைப் படகுக்கு அவர் கேப்டன். அஸீமின் வாப்பா மீரா சாகிப் புஜைராவில் துணிக்கடை வைத்திருந்த காலத்தில், மூத்த மகள் ஹாலிதா, அஸீமின் ராத்தா, ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆபீஸுக்கு அடிக்கடி வந்துபோனவர், ஒரு நாள் வாப்பாவின் கடைக்கும் வந்து, வேட்டி ஒன்று வாங்கி, அதைக் கட்டத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு பெண் கேட்டார். அஸீமுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வெள்ளைக்காரன் என்றால் கோட்டை இருக்கும் என்று அவன் உறுதியாக நம்பியிருந்தான். வாப்பாவும் அப்படித்தான் நம்பினார், ஆனால் நாசூக்காக, "உங்க ஊர்ல என்னென்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அதே கேள்வியை இருபது வருஷமாக அஸீமும் கேட்டுப் பார்த்துவிட்டான். பதில் மாறவேயில்லை. மச்சான் தமிழை முழுக்க முழுக்கத் தன் மனைவியிடம் கற்றவர். அதனால் ஆறடி இரண்டு அங்குல உயரத்தில், செம்பட்டைத் தாடியோடு, கீழக்கரைப் பெண்மணி ஒருத்தி பேசுவதைப் போலத்தான் பேசுவார்.

"கடல் ஈக்கிது. மழை ஈக்கிது. ஆடு ஈக்கிது."

"வேற?"

"காத்து ஈக்கிது அஸீமு. சும்மா இல்ல, ஆளைத் தூக்குற காத்து."

"வீடு எத்தனை?"

"ஆள் ஈக்கிற வீடு அஞ்சு. கூரை இல்லாத வீடு நெறைய."

"கடை?"

"செவ்வாய்க்கிழமை ஒரு வேன் வரும்."

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஏதோ ஒரு தீவு. அந்தத் தீவின் வால் நுனியில், ரோடு முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் காரவிக். பூமிப்பந்தில் அஸீம் தேடிப் பார்த்திருக்கிறான்; அந்த இடத்தில் அச்சடித்தவன் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. கோட்டையை மறைப்பதற்காகத்தான் மனுஷர் இப்படிப் பேசுகிறார் என்று வெகுநாள் வரை சந்தேகம் இருந்தது. ஆனால் அவர் சீலா மீனை நடுவில் பிளந்து, உப்புத் தடவி, ஃபிளாட்டின் பால்கனிக் கம்பியில் துணி கிளிப் மாட்டிக் காயப்போட்டதைப் பார்த்த அன்றைக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. கோட்டையில் பிறந்தவன் கருவாட்டை அவ்வளவு அக்கறையாகத் திருப்பிப்போட மாட்டான்.

காரவிக்கில் அவருக்கு மிச்சம் இருந்தது ஓர் அக்கா. மோராக். எண்பதை நெருங்கும் கன்னிப்பெண். சனிக்கிழமைதோறும் மச்சானும் ராத்தாவும் கடைக்கு வந்து அவருக்குப் போன் பேசுவார்கள். வீட்டுப் போனில் வெளிநாட்டு லைனை அஸீமே துண்டிக்கச் சொல்லியிருந்தான்; பிறகு தம்பி கடை எதற்கு இருக்கிறது? கடையில் மூன்று மரக் கேபின். நடுக் கேபினில் மச்சான் உட்கார்ந்தால் கதவு மூடாது. ஆகவே அவர்கள் பேசுவது முழுவதும் வெளியில் கேட்கும். பெரும்பாலும் காற்றைப் பற்றியும் மீனைப் பற்றியும்தான். கடைசியில் ராத்தா ரிசீவரை வாங்கி, முகம் பார்த்தறியாத தன் மைனியிடம் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்பாள். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பதில் வரும். ராத்தா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். புரிந்ததா என்று அஸீம் கேட்டதில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்தா அவன் கையைப் பிடித்துச் சொன்னது இதுதான்.

"மைனி எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்காங்க தம்பி. போன வருஷம் மச்சானுக்கு மொதல்ல நெஞ்சு வலி வந்துச்சே, அப்ப. வாராவாரம் ஜெபத்துல அவங்க தம்பி பேரைச் சொல்லி, நல்லா வையின்னு கேட்பாங்களாம். அவங்க மார்க்கத்துல மவுத்தானவங்களுக்கு ஜெபம் கேட்கக் கூடாதாம். தப்பாம். 'அவன் போயிட்டான்னா அது தெரியாம நான் அவன் ஒடம்புக்கு நலம் கேட்டுட்டு நிக்கிற மாதிரி மட்டும் விட்டுராத ஹாலிதா'ன்னு சொன்னாங்க. சரின்னுட்டேன்."

"நம்மள்ல மவுத்துக்குத்தானே ராத்தா துவாவே கேக்கிறோம்."

"நம்மள்ல அப்படி. அவங்கள்ல இப்படி. நீ போயி போனைப் போடு."

இங்கே மணி பதினொன்று, அங்கே காலை ஏழு. அவன் போட்டான்.

நாட்டு எண், தீவு எண், பிறகு மோராக்கின் எண். கண்ணைக் கட்டிவிட்டு ரிசீவரை மட்டும் காதில் வைத்தால், மணியோசையை வைத்து எந்த நாடு என்று சொல்லக்கூடியவன் அஸீம். அமெரிக்கா மணி ஒற்றையாக இழுக்கும். பிரிட்டன் மணி இரட்டை இரட்டையாக அடிக்கும்; நடுவில் ஒரு பெருமூச்சு அளவுக்கு இடைவெளி. இப்போது அந்த இரட்டை மணிதான் அடித்தது. அடித்தது, அடித்தது, அடித்துத் தானாக அறுந்தது.

வயசானவர், குளியலறையில் இருப்பார். மறுபடியும் போட்டான். மறுபடியும் அப்படியே.

"எடுக்கலையா பாய்?"

"எடுப்பாங்க. முட்டி வலி. நடந்து வரணும்ல."

நான்காவது தடவையும் முட்டி நடந்து வந்துசேரவில்லை. அஸீம் தன் தொழில் அறிவைக் கையில் எடுத்தான். ஊரில் போன் இல்லாத வீட்டுக்காரர்கள், பக்கத்து வீட்டு எண்ணைக் கல்யாணப் பத்திரிகையில் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று எழுதுவார்கள். பக்கத்து வீட்டுக்குப் போட்டால் யாராவது போய்க் கூப்பிட்டு வருவார்கள். உலகம் முழுக்க மனிதன் ஒன்றுதான், பக்கத்து வீடும் ஒன்றுதான். காரவிக்கின் ஐந்து போன் எண்களும் கடைசி இலக்கத்தில் மட்டும் மாறும் என்று மச்சான் ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றிலிருந்து ஐந்து வரை, பல் வரிசை மாதிரி. மோராக் மூன்று. அப்படியானால் இரண்டும் நான்கும் பக்கத்து வீடு.

இரண்டுக்குப் போட்டான். இரட்டை மணி அடித்து ஓய்ந்தது. நான்குக்குப் போட்டான். அதுவும் அப்படியே. ஒன்று. ஐந்து. திரும்ப மூன்று. அஸீமுக்குள் ஒரு பிடிவாதம் ஏறியது. ஒரு ஊர் முழுக்கப் போன் அடித்தும் ஒருவன்கூட எடுக்காத அதிசயத்தை அவன் இந்தத் தொழிலில் கண்டதில்லை. பாக்தாத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதுகூட ஒரு ஈராக்காரருக்கு லைன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அங்கேகூட ஒரு கிழவி எடுத்து, சத்தமாக இருக்கிறது அப்புறம் பேசு என்றாள்.

"ஊரே காலி பண்ணிப் போயிருச்சோ?" என்றார் கார்மேகம்.

"எங்க போவாங்க. அதுக்கப்புறம் கடல்தான்."

"மீன் பிடிக்கப் போயிருப்பாக."

"எண்பது வயசுக் கெழவியுமா?"

கார்மேகம் அதை யோசித்துப் பார்த்தார். எங்கள் பக்கம் போவாள் என்று சொல்ல வந்தவர் போலிருந்தது. சொல்லாமல் முதல் கேபினுக்குள் போனார். அங்கிருந்து எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு ரிசீவரை வைக்கும் சத்தம். அவர் வெளியே வந்துவிட்டார். அஸீமின் பொறுமை அந்த இடத்தில் முறிந்தது.

"அண்ணே, நல்ல நாள் கெட்ட நாள் எதுலயும் நீங்க இதை விடமாட்டீங்களா?"

"என்ன பாய் பண்ணினேன்?"

"மிஸ்டு கால்."

"ஒத்த மணிதான் விட்டேன். டூட்டி முடிஞ்சு நல்லபடியா வந்துட்டேன்னு வீட்டுல பூவாயிக்குத் தெரியணும்ல. ரெண்டு மணி விட்டா சம்பளம் போட்டாச்சுன்னு அர்த்தம். இந்த மாசம் இன்னும் ரெண்டு மணி விடல."

"போன்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சது பேசுறதுக்கு. மணி ஆட்டுறதுக்குக் கோயில்ல மணி இருக்குல்ல."

"கோயில் மணி முதுகுளத்தூர் வரைக்கும் கேக்காதே பாய்."

மிஸ்டு கால்காரர்களைப் பற்றி அஸீமிடம் முழுமையான கோட்பாடே இருந்தது. மனித இனம் கல்லில் தட்டிச் சேதி சொன்ன காலத்திலிருந்து கஷ்டப்பட்டு ஏறி வந்த படிக்கட்டில், இவர்கள் ஒரு பைசா கொடுக்காமல், ஏசி காற்றையும் வாங்கிக்கொண்டு, திரும்பக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதன் சாரம். சாதாரண நாளாக இருந்தால் கார்மேகத்துக்கு அதை முழுதாகச் சொல்லியிருப்பான். இன்று நடுக் கேபினில் உட்கார்ந்து, பல் வரிசையை மறுபடியும் ஒரு முனையிலிருந்து தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இப்போதுதான் கவனித்தான், அவன் உட்கார்ந்தும் கேபின் கதவு நன்றாக மூடிக்கொண்டது.

நடுப்பகல் தொழுகையான ளுஹர் முடிந்து கொஞ்ச நேரத்தில் மக்தூம் காக்கா மொபைலில் கூப்பிட்டார். வாப்பாவின் காலத்திலிருந்தே ஊர்க்காரர் மவுத்தென்றால் காகிதம், வண்டி, கபன் துணி எல்லாம் பார்ப்பவர் அவர்தான்.

"குளிப்பாட்டியாச்சு. கட்டில் பத்தல தம்பி, கால் வெளிய நிக்கிது. ஒரு பலகை வச்சு ஒட்டுப் போட்டிருக்கோம். நீ எங்க ஈக்கிறா?"

"கடையில காக்கா."

"மவுத்து வீட்டுல ஆம்பளன்னு நீ ஒருத்தன். நீ கடையைத் தொறந்து வச்சிட்டு ஈக்கிறா. யல்லா, வீட்டுல ஒரு முகத்தைக் காட்டிட்டு வா."

வீடு இரண்டு தெரு தள்ளி. படியெங்கும் செருப்பு. ஹாலில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே அவனுடைய மனைவி ரம்ஸியா எதிர்ப்பட்டு, மூக்கைச் சுருக்காமல் இருக்கப் பாடுபட்டபடி தாழ்ந்த குரலில் சொன்னாள். "பால்கனில மச்சான் காயப்போட்ட மீன் கெடக்குது. வந்தவங்க எல்லாம் என்ன வாடைன்னு கேக்கிறாங்க. எடுத்துரவான்னா உங்க ராத்தா வேணாங்கிறாங்க. நீங்க சொல்லுங்களேன்."

ஹாலிதா சமையலறையில், பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துப்பட்டி. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. கம்பியில் பிளந்த மீன்கள் வரிசையாகத் தொங்கின. கடல் காற்றில் ஒன்றையொன்று தட்டிக்கொண்டன.

"எடுத்துறலாமே ராத்தா," என்றான்.

"இன்னும் ரெண்டு வெயில் வேணும்னாங்க மச்சான். காயட்டும்."

அவன் பக்கத்தில் குந்தினான்.

"மைனி என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"கெடைக்கல ராத்தா."

"லைன் கெடைக்கலையா?"

"லைன் நல்லாக் கெடைக்குது. மணி அடிக்குது. எடுக்க மாட்டேங்கிறாங்க. நானும் விடல. விடாம அடிச்சேன். பக்கத்து வீட்டுக்கும் அடிச்சேன். அங்கயும் எடுக்கல. ஊருல ஒருத்தரும் எடுக்கல."

ஹாலிதா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு, யாரோ தூரத்தில் கூப்பிட்டதைக் கேட்டவள் போலத் தலையைச் சாய்த்தாள்.

"தம்பி, இன்னைக்கு என்ன கெழமை?"

"ஞாயிறு."

"யா அல்லா," என்றாள், மிக மெதுவாக.

வளைகுடாவில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. வெள்ளி உண்டு; வெள்ளி முடிந்து வேலை தொடங்கினால் பிறகு எல்லாம் ஒரே டூட்டி. அதிலும் ஹாலிதா மூன்று இரவு ஆஸ்பத்திரி நாற்காலியில் இருந்தவள். அவள் துப்பட்டி முனையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை அங்க ஒண்ணும் செய்ய மாட்டாங்கடா. அடுப்புல புதுசா ஆக்க மாட்டாங்க. துணி காயப்போட மாட்டாங்க. போன் எடுக்க மாட்டாங்க. மச்சானுக்கு வெள்ளிக்கிழமை ஜும்மா. மைனிக்கு ஞாயித்துக்கிழமை. மிச்சம் ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது சனிக்கிழமைதான்."

"நான் ரேட்டு கம்மின்னு சனிக்கிழமை வர்றீங்கன்னு நெனச்சேன்."

"ஒனக்கு அதுதான் தோணும்."

அவள் திட்டவில்லை. அதனால் அவனுக்குத் தைரியம் வந்தது. "சரி, அப்ப நாளைக்கு விடிஞ்சதும் போட்டுரலாம். எடுக்காததுனால ஒண்ணும் கெட்டுப்போயிரல."

"கெட்டுப்போச்சு அஸீமு."

ஹாலிதா முழங்காலைக் கட்டிக்கொண்டாள். உள்ளே ஓதும் சத்தம் ஏறி இறங்கியது.

"மச்சான் சின்னப் பிள்ளையா இருக்கையில ஊருக்கே ஒரே போனு. அவங்க வீட்டுலதான். அவங்க வாப்பா கப்பல்ல போயிருந்தாரு. ஒரு ஞாயித்துக்கிழமை, எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கையில போன் அடிச்சிருக்கு. அவங்க உம்மா எந்திரிக்கல. அடிச்சு ஓஞ்சது. திரும்ப அடிச்சது. வாப்பா ஊருல இல்லாட்டியும் அவருக்கு ஒரு தட்டு வைக்கிறது அவங்க வழக்கமாம். உம்மா எந்திரிச்சு, அந்தத் தட்டை மட்டும் எடுத்துக் கழுவிக் கவுத்தி வச்சிட்டு, திரும்ப வந்து உக்காந்து சாப்பிட்டாங்களாம். மறுநா காலைல போன் அடிக்கவும் எடுத்து, அந்தப் பக்கம் பேசுறதுக்கு முன்னாலயே 'தெரியும்'னாங்களாம்."

அஸீமுக்கு உடனே புரியவில்லை.

"அங்க எல்லாருக்கும் தெரியும்டா, ஞாயித்துக்கிழமை யாரும் எடுக்க மாட்டாங்கன்னு. அது தெரிஞ்சும் ஒருத்தன் அடிக்கிறான்னா, அதுக்கு ஒரே அர்த்தந்தான், மவுத்து. மச்சான் அப்படித்தான் சொன்னாங்க. எடுக்க வேண்டியதில்ல. வெளியூர்ல இருக்கிற ஆள் யாருன்னு நெனச்சுப் பாத்தாப் போதும்." நிறுத்தி, விரலை நீட்டினாள். "எத்தனை வீட்டுக்கு அடிச்ச?"

"அஞ்சுக்கும்."

"அஞ்சுக்குமா?"

"ரெண்டு மூணு சுத்து."

ஹாலிதா விரல்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினாள். இத்தனை வருஷச் சனிக்கிழமைகளில் அந்தக் கண் மூடிய முகம் என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்று அஸீமுக்கு அப்போதுதான் தெரிந்தது. "ஒண்ணாம் வீட்டுல மகன் கடல் நடுவுல எண்ணெய்க் கெணத்துல வேலை. ரெண்டாம் வீட்டுப் பேரன் மீன் போட்டுல. நாலாம் வீட்டு மக கனடாவுல நர்ஸு, நெறமாசம். அஞ்சாம் வீட்டுல ஒரு கெழவர் தனியா. அவருக்கு வெளியூர்ல ஆளே கெடையாது."

"அப்ப அவருக்குப் பிரச்சினை இல்லயே."

"தன்னையத்தான் கூப்பிடுறாங்கன்னு நெனச்சிருப்பாரு."

சிரிப்பதா என்று தெரியாமல் அஸீம் அவளைப் பார்த்தான். அவள் உதடும் ஒரு கணம் கோணியது. உடனே நேரானது. ஐந்து வீட்டிலும் இந்நேரம் யாராவது ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். கோட்டை இல்லாத, கடை இல்லாத, வரைபடத்தில் புள்ளிகூட இல்லாத ஓர் ஊரில், ஒருவர் இறந்ததற்கு ஐந்து பேரைக் கொன்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். பி.பி. நம்பர்.

"இப்ப என்ன ராத்தா பண்றது? போலீஸுக்குப் போட்டுச் சொல்லவா?"

"போலீஸ் இருக்கிறது தீவோட அந்தக் கோடியில. அவன் வர்றதுக்குள்ள ஜெபம் முடிஞ்சிரும்." அவள் கண்ணை மூடினாள். சனிக்கிழமை முகம். "இங்க அஸர் பாங்கு சொல்லும்போது அங்க என்ன மணி?"

"பதினொண்ணு தாண்டி."

"அப்பத்தான் எல்லாரும் மைனி வீட்டுக்கு வருவாங்க. வாராவாரம். அங்கேருந்து ஒரே வண்டில சர்ச்சுக்குப் போறது. மைனிக்கு முட்டி வலி, போறதில்ல. அதனால கெளம்புறதுக்கு முந்தி மைனியோட நின்னு ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போவாங்க. வெளியூர் போனவங்க பேரெல்லாம் அதுல வரும். மச்சான் பேரு அதுலதான் வரும்." கண்ணைத் திறந்தாள். "அப்ப அடி. மூணாம் நம்பருக்கு மட்டும் அடி. எல்லாரும் அங்க நிக்கையில அடிச்சா, அது மைனி ஆள்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுரும். மத்த நாலு வீட்டுக்கும் உசிரு திரும்ப வரும். மைனியும் அந்த நேரத்துல தனியா இருக்க மாட்டாங்க."

"எடுக்க மாட்டாங்களே ராத்தா. என்ன பேசுறது?"

"பேச வேணாம்."

"அப்ப?"

"மணி அடிச்சாப் போதும்."

அஸீம் எழுந்தான். வாசலில் ரம்ஸியா மறுபடியும் மறித்து, மீன் என்ன ஆயிற்று என்றாள்.

"ரெண்டு வெயில் வேணுமாம்," என்றான்.

கடையை மறுபடியும் திறந்தபோது அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. நடுக் கேபினில் உட்கார்ந்து, ரிசீவரை எடுக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டான். அந்த வீட்டில் போன் எங்கே இருக்கும் என்று யோசித்தான். ஜன்னல் ஓரமாக இருக்குமா? ஜன்னலுக்கு வெளியே ஆடு நிற்குமா? மோராக் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார்? இருபது வருஷம் அந்த ஊரைப் பற்றிக் கேட்டவன் இதையெல்லாம் கேட்காமல் வீடு எத்தனை, கடை எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கேட்டிருந்தால் மச்சான் சொல்லியிருப்பார். ஜன்னல் ஈக்கிது, நாக்காலி ஈக்கிது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பார்.

கண்ணாடிக்கு வெளியே கார்மேகம் வந்து நின்றார். குளித்து, சலவைச் சட்டை போட்டு, ஈரத் தலையை வாரியிருந்தார்.

"அடக்கத்துக்கு நானும் வரலாம்ல பாய்?"

"வாங்கண்ணே. வண்டி இப்ப வரும்."

"தூங்கலாம்னு பாத்தேன். தூக்கம் வரல. மனுசன் போன மாசம்கூட எங்கிட்ட நின்னு பேசுனாரு. முதுகுளத்தூர்ல காத்து எப்படி அடிக்கும்னு கேட்டாரு. எங்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல." அவர் படியில் உட்கார்ந்தார். "அந்த ஊரு கெடைச்சுச்சா?"

அஸீம் கடிகாரத்தைப் பார்த்தான். பள்ளிவாசலிலிருந்து பாங்கு தொடங்கியது. அது முடியும்வரை காத்திருந்து, உதடு அசையப் பதில் துவா ஓதிவிட்டு, ரிசீவரை எடுத்தான்.

நாட்டு எண். தீவு எண். கடைசியில் மூன்று. அழுத்திய விரலை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டான்.

இரட்டை மணி அடித்தது. கதவைத் தட்டுகிறவன் நிறுத்துவது போல, நாலைந்து அடிப்பில் வைத்துவிட்டான். சுவரில் இருந்த மீட்டரில் பூஜ்யம் ஓடாமல் நின்றது. மறுபடியும் எண்களை அழுத்தினான். மறுபடியும் மணி. இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக விட்டான். அங்கே பேச்சு நின்றிருக்குமா, யாராவது மோராக்கின் தோளில் கை வைத்திருப்பார்களா, ஐந்தாம் வீட்டுக் கிழவர் மெதுவாக மூச்சை விட்டிருப்பாரா என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் தெரியவில்லை. அது வெறும் மணியாகத்தான் இருந்தது. வைத்தான்.

தெருவில் மக்தூம் காக்காவின் வேன் வந்து ஹாரன் அடித்தது. கார்மேகம் எழுந்து, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். எடுப்பதையும், பேசாமல் வைப்பதையும், திரும்ப எடுப்பதையும் பார்த்தார். வேன் பக்கம் திரும்பி, ஒரு நிமிஷம் என்று அவராகவே கையைக் காட்டினார்.

அஸீம் மூன்றாம் முறை அழுத்தினான். மணி தொடங்கியதும் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, சட்டைப் பைக்கு மேலே சாய்த்துப் பிடித்துக்கொண்டான். மூடிய கேபினுக்குள் அது சின்னதாக, இரண்டு இரண்டாக அடித்துக்கொண்டிருந்தது.